கிழியாத புத்தகங்கள்

தமயந்திக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

என்னை இந்த மலைப் பள்ளிக்குத் தூக்கியடித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. போகட்டும், நேற்று ஒரு வேடிக்கை. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் பூட்டியே வைத்திருந்த கதைப்புத்தக பீரோவை, அதிகாரி வருகிறார் என்பதற்காகத் திறந்தார். பல மழைக்காலத்து ஈரம் ஏறி, புத்தகங்கள் பூஞ்சை பிடித்துச் செங்கல்லாக ஒட்டிக் கிடந்தன.

"பாத்தீங்களா சார், ஒண்ணுகூடக் கிழியல" என்றார் அவர் என்னிடம், பெருமையாகவே.

எஸ்டேட் கூலி அழகையாவின் மகள் ஜோதிமணி ஒன்றை நகத்தால் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "சார், இதுக்குள்ள என்ன கத இருந்துச்சு?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

பரீட்சை முடியட்டும் என்று உன் அண்ணன் பூட்டிவைத்திருக்கும் நம் மகள் மாதவியின் கதைப்புத்தகங்களை இன்றே வெளியே எடு. அவரிடம் கேட்க வேண்டியதில்லை. ஞாயிறன்று சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போன் செய்கிறேன். படித்த கதையை எனக்குச் சொல்லட்டும். இங்கே பேச ஆளில்லை. என் பழைய மப்ளரையும் அனுப்பு.

காய்கறி ஜீப் கிளம்புகிறது, அதில்தான் இதைக் கொடுத்தனுப்ப வேண்டும். மாதவி கிழித்தால் கிழிக்கட்டும், திட்டாதே.

மயில்சாமி