துக்க வீட்டுக்குப் போன கடிதங்கள்

என் ஆசைப் பாருவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும் என்றுதான் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப் போடுகிறோம். உன்னிடம் எப்படிடி கேட்பேன்? அந்தப் பாழாய்ப்போன புற்று உன்னைக் கொண்டுபோன பிறகு வந்த முதல் தீபாவளியும் முடிந்துவிட்டது. நம் கிள்ளான் ஊரில் வழக்கம்போல மத்தியானமானால் மழை. ஆசிரியர் அறையில் உன் நாற்காலியில் ஒரு புது டீச்சர் உட்கார்கிறாள். நல்ல பெண்தான், எனக்குத்தான் அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை.

நீ ஆரம்பித்து வைத்த தீபாவளிக் கடித வாரம் இந்த வருடம் என் தலையில் விழுந்தது. நாலாம் ஆண்டு, உன் மகள் கயல் படிக்கும் அதே வகுப்பு. எல்லார் பெயரையும் சீட்டில் எழுதி பிஸ்கட் டின்னில் போட வேண்டும், யார் பெயர் வருகிறதோ அவர் வீட்டுக்கு வாழ்த்துக் கடிதம் எழுத வேண்டும், பிறகு வரிசையாகத் தபால் நிலையத்துக்கு நடந்துபோய்ப் போட வேண்டும். எல்லாம் உன் ஏற்பாடு. இந்தப் பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டு முகவரியே தெரியவில்லையடி. "லொகேஷன் அனுப்பினா போதும் லா டீச்சர்" என்கிறான் ஒருத்தன். நீயாக இருந்தால் சிரித்திருப்பாய். நான் கத்தினேன்.

டின்னை எடுத்து வைத்த அன்று காலை உன் வீட்டுக்காரர் சேகர் அண்ணன் வந்தார். லோரியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார், தாடியும் எடுக்கவில்லை. "டீச்சர், கயல் பேரப் போடாதீங்க. துக்க வீடு. இந்த வருஷம் நாங்க வாழ்த்து சொல்லவும் கூடாது, வாங்கவும் கூடாது. சொந்தக்காரங்க வாய்க்கு வந்தபடி பேசுவாங்க." நியாயம்தானே என்று சீட்டை எடுத்துவிட்டேன். வருடம் திரும்பும் வரை துக்க வீட்டுக்கு வாழ்த்து போகாது என்பது நமக்குத் தெரியாததா?

மற்றவர்கள் எழுத, கயலுக்கு ஸ்டாம்பு ஒட்டும் வேலை கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் ஒட்டினாள். உன்னை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து அவள் அழவே இல்லை, பாரு. அம்மா என்ற சொல்லே அவள் வாயில் வருவதில்லை. யாராவது உன் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். வீட்டிலும் அப்படித்தானாம், டிவியைப் போட்டுவிட்டு அப்பாவும் மகளும் ஆளுக்கொரு மூலை. பத்து வயதுப் பிள்ளை இப்படிக் கல்லாகிப் போனால் என்ன ஆகும்? எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் சுடர்மதி கேட்டாள். "எல்லாருக்கும் லெட்டர் வரும், கயலுக்கு மட்டும் வராதா டீச்சர்? பாவம் லா." எனக்குச் சுருக்கென்றது.

பள்ளி விட்டதும் சேகர் அண்ணனைக் கேட்டில் பிடித்தேன். என் கோபம் உனக்குத் தெரியுமே.

"அண்ணே, துக்க வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, சரி. அக்கம்பக்கத்துல முறுக்கு சுட்டுக் கொண்டாந்து குடுத்தா வாங்கிக்கிறீங்கள்ல? கடுதாசி மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

"வாழ்த்துன்னு ஒரு வார்த்த இருக்கக் கூடாது டீச்சர்."

"இருக்காதுண்ணே."

வாய்ச்சவடாலாகச் சொல்லிவிட்டேன். பாடநூலைப் புரட்டினால் பிறந்தநாளுக்குக் கடிதம் இருக்கிறது, விருந்துக்கு அழைக்கக் கடிதம் இருக்கிறது. அம்மாவைப் பறிகொடுத்த தோழிக்கு என்ன எழுதுவது என்று ஒரு வரி இல்லை. மறுநாள் கயலை நூலகத்துக்கு அனுப்பிவிட்டு, "பாரு டீச்சரப் பத்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கறத கயலுக்கு எழுதுங்க, போதும்" என்றேன். போன வருடம் உன்னிடம் படித்த பிள்ளைகள்தானே. அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

'உன் அம்மா என் காதைத் திருகினார். வலித்தது. இப்போது யாரும் திருகுவதில்லை' என்று தீபன் எழுதியிருந்தான். 'உன் அம்மா மருந்து வாசனையோடு வகுப்புக்கு வந்தார். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டோம். மன்னித்துவிடு' என்று சுடர்மதி. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எதையும் திருத்தாமல் உறையில் போட்டு அனுப்பினோம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் சேகர் அண்ணன் வந்தார். "தீபாவளிக்கு மொத நாள் எல்லாம் கட்டா வந்துச்சு டீச்சர். நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவன், எனக்குத் தமிழ் படிக்க வராது. எல்லாம் பாருதான் படிச்சுச் சொல்லுவா. அதான் கயலப் படிச்சுக் காட்டச் சொன்னேன்."

எந்தக் கடிதத்தை எடுத்தாலும் 'உன் அம்மா' என்றுதானே தொடங்குகிறது? தயங்கித் தயங்கிப் படித்தாளாம். மருந்து வாசனை என்று வந்த இடத்தில் நின்றுவிட்டாளாம்.

"அம்மான்னு ஒரு சத்தம் போட்டா டீச்சர். எங்க தாமான்ல எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும். வெளிய பிள்ளைங்க மத்தாப்பு கொளுத்துதுங்க, உள்ள நாங்க ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழறோம்." பள்ளி கேட் என்றும் பார்க்காமல் நானும் அழுதேன்.

நேற்று கயல் என் மேசைக்கு வந்தாள். "எல்லாரும் எழுதியிருந்தாங்க. நீங்க ஏன் டீச்சர் எழுதல?"

என்னடி சொல்வேன்? ஆசிரியர் கல்லூரியில் ஒரே அறையில் படுத்தவர்கள் நாம். ஊரார் பிள்ளைகளையெல்லாம் எழுத வைத்துவிட்டு நான் பேனாவையே தொடவில்லை. எழுதினால் நீ இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். உன் பேச்சு வந்தால் எழுந்து போகிறவள் அவள் மட்டுமா?

அதனால்தான் இது. உன் பெயரைப் போட்டுத் தொடங்கினாலும், உறைமேல் உன் மகளின் பெயரும் வீட்டு முகவரியும்தான் இருக்கும். கயல் பிரித்து, அவள் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள்.

நீ செத்துப்போய்விட்டாய், பாரு. இதோ, எழுதிவிட்டேன்.

கயல், இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தும்மா. அப்பாவுக்குத் தண்ணீர் கொடு. அம்மாவைப் பற்றி உனக்கு எப்போது பேசத் தோன்றினாலும் என்னிடம் வா. சத்தியமாகச் சொல்கிறேன், இனி நான் எழுந்து போக மாட்டேன்.

உன் மகளுக்கு இன்று முதல் சித்தி,
லலிதா