மூன்றாம் வரிசையில் அப்பாவின் இடம்

இஸ்தான்புல்,
வியாழன்

அண்ணனுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். தொலைபேசியில் அழுதாயாம், என் மனைவி சொன்னாள். பதினொரு வருடம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு உனக்கு அழுகை வந்திருக்கிறது.

நம் யூத ஜெப ஆலயத்தில் குண்டு வெடித்த சனிக்கிழமை காலை நான் வீட்டில் இருந்தேன். காரணம் உனக்கே தெரியும். இஸ்ரேலுக்கு, ஹைஃபாவுக்குக் குடிபோகும்போது, ஜெப ஆலயத்தில் அப்பா உட்கார்ந்த இடத்தை என்னைக் கேட்காமல் உன் சிநேகிதன் விட்டாலிக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். அன்றிலிருந்து அந்த வாசலை நான் மிதிக்கவில்லை.

விட்டாலி அப்பாவின் அந்த இடத்திலேயே செத்துக் கிடந்தான்.

நேற்று அவன் மகன் ராஃபி வந்தான். வெடிச்சத்தத்தில் காது அடைத்துப்போனதால் கத்திப் பேசினான்.

"மாமா, அப்பாவுக்காக ஜெபம் சொல்லப் பத்து ஆம்பளைங்க வேணும். பாதிப் பேர் ஆஸ்பத்திரியில, மீதிப் பேர் பயந்துபோய் வரல. ஒன்பது பேர்தான் இருக்கோம்."

"உங்கப்பாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாதேடா."

"உங்களுக்கும்தான் அவரைக் கண்டா ஆகாது. வாங்க."

போனேன். உடைந்த ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தார்கள். அப்பாவின் இடத்தில் பலகை கருகியிருந்தது. யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.

"உக்காரு," என்றார் நிர்வாகி மோயிஸ். "இதுக்குத்தானே இத்தனை வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தே?"

நின்றுகொண்டே ஆமென் சொன்னேன்.

உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம். மனைவி சொல்கிறாள். எனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தை நீ எனக்குக் கொடுத்திருந்தால், அப்பனுக்காக ஜெபம் சொல்லி ராஃபி நின்ற இடத்தில் என் மகன் நின்றிருப்பான்.

நான் இல்லாவிட்டால் நாளைக் காலையும் அங்கே ஒன்பது பேர்தான். ஏழு மணிக்குள் நான் போக வேண்டும்.

உன் தம்பி