கடைசி மடக்கு

12 ஜனவரி 2008, சனி

பொங்கலுக்கு வந்திருக்கும் மகள் கவிதா நாளை குக்கரில் கேக் செய்யப் போகிறாள். அதற்கென்றே சென்னையில் ஆர்கானிக் சர்க்கரை வாங்கி வந்திருக்கிறாள். வீட்டில்தான் சாயல்குடிக் கருப்பட்டி இருக்கிறதே என்றேன்.

"அதுல மண்ணாக் கெடக்கும்மா. இது சுத்தம், குடிச்சுப் பாரு" என்று அந்தச் சர்க்கரையில் காப்பி போட்டுக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வழக்கம்போலக் கடைசி மடக்கைத் தம்ளரிலேயே விட்டுவிட்டேன்.

"இதுல ஏதும்மா மண்ணு?" என்று சிரித்தாள்.

அய்யாவிடமிருந்து வந்த பழக்கம். அம்மா தம்ளரில் கருப்பட்டியை நுணுக்கிப் போட்டு, மேலே கடுங்காப்பியை ஊற்றிக் கொடுப்பாள். அய்யா கடைசி மடக்கை மட்டும் குடிக்க மாட்டார். "அடியில மண்ணு கெடக்கு தாயி, எனக்கு வேணாம்" என்று தம்ளரை என்னிடம் தள்ளுவார். பல்லில் மண் நறநறக்கும். அப்படித் தித்திக்கும்.

கேக்குக்குக் கருப்பட்டியைத் தட்டி ஊறப்போட்டுவிட்டேன். கவிதா கோபித்தால் கோபிக்கட்டும், வடிகட்டித் தருகிறேன்.

இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் உறைக்கிறது. அய்யா அந்தக் காப்பியை ஒருநாளும் ஆற்றிக் குடித்ததில்லை. ஆற்றினால் கருப்பட்டி முழுவதும் கரைந்துவிடும்.