நீங்கள் நிறுத்தும் இடம்

அன்புள்ள அப்பா,

இன்று நடந்த எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன். அம்மா எழுதச் சொல்லவில்லை.

பதினாறு வருடம் நீங்கள் நடத்திய பல்கலைக்கழக பாண்ட் குழுவுக்கு இன்று பின்னேரம் கச்சேரி. புதிய பாண்ட் மாஸ்டர் கை அசைத்துக்கொண்டே இருந்தார். ஆனால், ஒத்திகையில் நீங்கள் எப்போதும் நிறுத்தித் திட்டும் அந்த இடம் வந்ததும், எல்லோரும் பழக்கத்தில் நின்றுவிட்டார்கள். பாட்டு முடிந்ததென்று சபை கைதட்டியது.

“பாரு தங்கச்சி, ஒங்கப்பா லண்டன்ல இருந்தே எங்கள நிப்பாட்டுறாரு,” என்றார் கிளாரினெட் வாசிக்கும் கணேஸ் அண்ணா. நானும் சிரித்தேன்.

பிறகு புதிய மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இசை ஆராய்ச்சி முடிஞ்சு தை மாசம் அப்பா வந்துருவாருன்னுதான் நான் ஒத்துக்கிட்டேன். இப்ப வேலைய விடுறதா கடிதம் அனுப்பியிருக்காரு. வீட்டுல சொன்னாரா?”

“சொன்னாரு,” என்று பொய் சொன்னேன்.

அம்மா நேற்றுத்தான் உங்கள் அலுமாரியைத் துடைத்து, சட்டைகளை ஸ்திரி போட்டு அடுக்கினார். அவரிடம் நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போகும் திகன பஸ்சுக்கு இன்னும் நேரம் இருப்பதால், மண்டபத்தின் கடைசி வரிசைக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். யாரும் இல்லையென்று நினைத்து, காவலாளி இப்போது விளக்குகளை அணைத்துவிட்டார்.

உங்கள் மகள்