முதலில் தூக்கிய கை

நவம்பர் 12, புதன்

மாலையில் இரண்டு மணி நேரம்தான் மழை. எங்கள் தாமான் குடியிருப்பில் முழங்காலளவு தண்ணீர். பாலர் பள்ளியின் பாய்களெல்லாம் மிதந்தன. பார்க்க வந்த ஒய்பியை, அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினரை, சூழ்ந்துகொண்டு எல்லோரும் ஏசினார்கள். மழைநீர் வடிந்து சேரும் குளத்தை மூடி மண்டபம் கட்டியபோது இந்த மனிதர் அரசியலிலேயே இல்லை. மூடியவர் முந்தையவர். அதன் பிறகு மூன்று வருடம் பெரிய மழையே பெய்யவில்லை. வெள்ளம் வரும் என்று பயந்தவர்களைப் பார்த்து, "இப்ப என்னா ஆச்சு?" என்று அந்த முந்தையவர் சிரித்தார். நாங்கள் அவருக்கு மாலை போட்டோம். இப்போது அவர் இன்னும் பெரிய பதவியில் இருக்கிறார்.

"மூடுனது இவரு இல்லயே செல்வி" என்றேன், பக்கத்து வீட்டுக்காரியிடம்.

"யாரு மூடுனா என்னாக்கா, இப்ப ஒய்பி இவருதானே லா."

ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய நாட்களில் நானும் இப்படித் தப்பித்திருக்கிறேன். கத்தியை ஆழமாக இறக்கினால் அன்றைக்குப் பால் கூடுதலாக வரும். கங்காணி பாராட்டுவார். பட்டை கெட்டது தெரியச் சில வருடமாகும். அதற்குள் அந்த நிரை மரங்கள் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். ஏச்சும் அவருக்குத்தான்.

குளத்தை மூடலாமா என்று குடியிருப்பாளர் கூட்டத்தில் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் நான். கொசுத் தொல்லை ஒழியும் என்று நினைத்தேன். இன்று அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது. பழைய கூட்டக் குறிப்பு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கை தூக்கியவர்கள் பட்டியலை எழுந்து நின்று வாசிக்கப் போகிறேன். முதல் பெயர் என்னுடையது.