என் பெயர் போட்ட உன் கார்டு

இன்று காலை சின்னமனூர் பங்கில் டீசல் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் உன் கார்டை நீட்டிவிட்டேன். பங்குக்காரர் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது ஓடலண்ணே, வேற இருக்கா?" என்றார். லைசென்ஸ் உறைக்குள் அதற்கு அடுத்தாற்போல் இருந்த என் கார்டை எடுத்துக் கொடுத்தேன். அது ஓடியது. ஓடாத கார்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. திரும்ப அதே உறையில்தான் வைத்திருக்கிறேன்.

முதன்முதலில் நாம் லோன் கேட்டு பேங்குக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நான் முதலாளியின் ஜீப்பில் மேகமலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். சொந்தமாகப் பழைய ஜீப் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று ஒரே வெறி. வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு அதிகாரி முன்னால் உட்கார்ந்து, "எங்கப்பா காலத்துல இருந்து ஒரு பைசா கடன் கெடையாது சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அதாண்ணே பிரச்சனையே. வாங்கி ஒழுங்காத் திருப்பிக் கட்டியிருந்தாத்தான் உங்க பேருக்கு மார்க் விழும். நீங்க பரீட்சையே எழுதல."

பஸ் ஸ்டாண்டு வரும்வரை நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "நல்ல மனுசன்னு பேர் எடுக்கணும்னா மொதல்ல கடங்காரனாகிட்டு வரச் சொல்றாக" என்றாய். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

அடுத்த மாதமே உன் கிரெடிட் கார்டோடு சேர்த்து என் பெயரில் ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுத்தாய். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவான உன் சம்பளத்தை நம்பி பேங்க் கொடுத்தது. பெயர் மட்டும் என்னுடையது. மலை ரோட்டு டீக்கடையில் அதை நான் காட்டாத ஆள் கிடையாது. டீசல் எல்லாம் அதில்தான். சாயங்காலம் காசை உன்னிடம் கொடுப்பேன், நீ பில்லைக் கட்டுவாய். என் பெயரும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று நம்பித்தான் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் ஏறி இறங்கினேன்.

ஒரு வருஷம் கழித்து அதே அதிகாரியிடம் போனோம். "கார்டுல பேரு உங்களுது, கணக்கு அம்மாவுது. நீங்க போட்ட டீசலுக்கெல்லாம் மார்க்கு அவுகளுக்குத்தான் போயிருக்கு" என்றார்.

வெளியே வந்து கத்தினேன். "நான் ஓட்டுன ஓட்டத்துக்கு நீ மார்க் வாங்கியிருக்க! பேசாம உம் பேர்லயே லோனப் போட்டு வண்டிய எடு." அன்றைக்கு நீ சிரிக்கவில்லை.

"எம் பேர்ல எடுத்தா ஓனருதான் மாறும். நீங்க டிரைவராவேதான் இருப்பீக. வண்டி உங்க பேர்ல வரட்டும்" என்றாய்.

வளையல் வாங்குவதற்காக நீ கட்டிவந்த சீட்டு அந்த மாதம் முடிந்திருந்தது. அந்தப் பணத்தை அப்படியே என் பெயரில் டெபாசிட் போட்டு, அதை ஈடாகக் காட்டி எனக்கென்று தனிக் கார்டு வாங்கித் தந்தாய். வளையல் என்னாயிற்று என்று கேட்டதற்கு, "கையில வளையலு கெடந்தா ஊசி போடயில இடிக்கும்" என்றாய். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஊசி போடுகிறவள், அன்றைக்குத்தான் அதைக் கண்டுபிடித்தாய்!

அதன்பிறகு பில் வந்தால் போதும், சோற்றுத் தட்டை வைக்கும்போதே கேட்பாய்: "கட்டிட்டீகளா?" கடைசி நாள் வரை இழுத்தால் உனக்குப் பிடிக்காது. "நாள் இருக்கையிலயே கட்டிருங்க. நெட்டு ஒருநா இருக்கும், ஒருநா இருக்காது." எரிச்சலாக வரும். ஆனாலும் கட்டிவிடுவேன்.

நீ காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமல் போன அந்த மழைக்காலத்துக்குப் பிறகு, உன் கணக்கை முடித்தார்கள். அதோடு என் பெயர் போட்ட அந்தக் கார்டும் செத்தது. ஜீப் ஆசையும் விட்டுப்போயிருந்தது. நம் மகள்தான் பேங்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மார்க்கு நல்லா இருக்குண்ணே. ஒரு தடவகூடப் பிந்தல" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னை நினைத்து நான் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

ஜீப் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஆர்.சி. புக்கில் என் பெயர்தான், நீ சொன்னபடியே. முன் கண்ணாடியில் உன் பெயரை எழுதச் சொல்லலாமா என்று பெயிண்டர் கடை வரை போனேன். உன் முறைப்பு கண்முன் வந்து நின்றது, திரும்பி வந்துவிட்டேன். இப்போது மலையேறும்போது யாராவது "வண்டி யாருதுண்ணே?" என்று கேட்டால், "என்னுது" என்கிறேன். அந்த ஒரு சொல்லை என் வாயில் வைத்தவள் நீ. அதற்கு நன்றி என்று ஒருநாளும் உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

இந்த மாதத்து பில் முந்தாநாள் வந்தது. சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. எழுந்து போனை எடுத்துக் கட்டிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

கட்டிட்டேன் புள்ள. கடைசி நாளுக்கு இன்னும் நாள் கெடக்கு.