மதகோரத்துத் தண்ணீர்

மைசூரு,
திங்கட்கிழமை.

மதிப்பும் அன்பும் நிறைந்த யதுநந்தன் சாருக்கு,

ஹெப்பாள் ரத்தினசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் சுலோசனாவும் மகள் மனிஷாவும் சுகம். மெல்போர்னில் நீங்களும் தன்மயி மேடமும் குழந்தை ஸாத்விக்கும் நலமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று சிரிப்பீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் படிக்கப் போன பிறகும் நம் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில் நிற்கவில்லை. பசவராஜ் காலை ஆறு மணிக்கே வாசலில் வந்து ஹாரன் அடித்துத் தெருவையே எழுப்பிவிடுகிறார். ஒன்பது பேர் போகிறோம். பிடித்த மீனை அளந்து, பாட்டிலில் ஏரித் தண்ணீர் பிடித்துச் சோதித்து, இரண்டையும் நோட்டில் எழுதி, மீனைத் திரும்ப ஏரியில் விடுகிறோம். அறுந்த வலையையும் தூண்டில் நரம்பையும் பொறுக்கி மூட்டை கட்டுகிறோம். மீன் வாசனையே ஆகாத ஐயங்கார் நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக, மீன் இல்லாமல் சோறு இறங்காத நான் இரண்டு கிலோ கெண்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டில் ரசம் சாப்பிடுகிறேன். சுலோசனாவுக்கு இன்னும் அது ஆறவில்லை.

போன மாதம் கிழக்குக் கரையில் மீன்கள் செத்து மிதந்ததைப் பசவராஜ் படம் அனுப்பியிருப்பார். அங்கே வந்து விழுவது நான் வேலை செய்யும் பாக்டரியின் கழிவுநீர்க் குழாய். குழுவின் பெயரில் புகார் கொடுத்தோம். வரும் வியாழக்கிழமை அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். பாக்டரிக்காரர்கள் காட்டப்போகும் ஆதாரம் என்ன தெரியுமா? நம் நோட்டு. இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீர் நன்றாக இருந்தது என்று நாமே எழுதியிருக்கிறோமே, அதன் நகல்.

அதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை சார். அதுதான் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. தூண்டில்காரன் மீன் கடிக்கும் இடத்தில்தான் உட்காருவான். ஏரியில் மீன் கடிப்பது மதகோரத்தில். அங்கேதான் ஊற்றுக் கால்வாயின் நல்ல தண்ணீர் வந்து சேர்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிச் சோதனைப் பாட்டிலையும் நிரப்பினோம். ஏரி முழுக்கத் தண்ணீர் கெட்டு, மூச்சுக்குத் தவித்து மீன்கள் அந்த ஒரு மூலைக்கு வந்து நெருக்கியடித்தன. நாம் தூண்டில் போட்டதும் மாட்டியது. மீன் பெருகிவிட்டது என்று எழுதிச் சந்தோஷப்பட்டோம்.

மற்ற எட்டுப் பேருக்கும் இது இன்னும் உறைக்கவில்லை. எனக்குத் தெரியும். இன்று நேற்றல்ல, போன வருஷமே தெரியும். கழிவுநீர்த் தொட்டியில் நின்று வேலை செய்கிறவன் நான். சனிக்கிழமை மதிய ஷிப்டு முடியும்போது, சுத்தம் செய்யாத தண்ணீரைத் திறந்துவிடச் சொல்வார்கள். வால்வைத் திருப்புவது என் கைதான். மெல்போர்னுக்குக் கிளம்பும் முன் நீங்கள் ஒருநாள், பாட்டிலைக் கிழக்குக் கரையிலும் நிரப்பலாமா என்று கேட்டீர்கள். அந்தப் பக்கம் கரை வழுக்குகிறது, யாராவது விழுந்துவிடுவார்கள் என்று சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். கரை வழுக்கவில்லை சார். எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது மானேஜர் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, மரியாதையாகப் பேசுகிறார். நான் குழுவிலும் இருக்கிறேன், கம்பெனியிலும் இருக்கிறேன். என்னைவிட நல்ல சாட்சி கிடையாதாம். வியாழக்கிழமை வந்து, இந்த நோட்டு உண்மை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். எழுந்து வரும்போது, மனிஷாவின் பயிற்சி மார்ச்சில் முடிகிறதே, நிரந்தரம் செய்வது பற்றி யோசிக்கிறோம் என்றார். அவள் அங்கேதான் ஆபீஸில் இருக்கிறாள். அதைச் சொல்ல அவர் குரலை உயர்த்தவே இல்லை.

சுலோசனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "மீனுக்குப் பேசறதுக்கு ஊரே இருக்குதுங்க. நம்ம புள்ளைக்குப் பேசறதுக்கு ஆரு இருக்கறாங்க?" என்றாள். வீட்டிலிருந்தால் அவள் முகம், பாக்டரிக்குப் போனால் வால்வு, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனால் பசவராஜின் நம்பிக்கை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது.

பேசினாலும் கேடு இல்லாமல் இல்லை. இடம் தப்பு என்று நான் சொன்ன நிமிஷம் நம் நோட்டு செல்லாக்காசு. அதை வைத்துத்தான் அங்கே நீங்கள் ஆய்வு எழுதுகிறீர்கள். இரண்டு வருஷ உழைப்பு என் வாயால் போகும்.

போன் செய்யாததற்குக் காரணம் இதுதான். கேட்டால், உண்மையைச் சொல் ரத்தினசாமி என்பீர்கள். உங்கள் படிப்பைக் கெடுத்த பாவத்தை உங்கள் தலையிலேயே வைத்தவனாவேன். ஒருவேளை, குடும்பத்தைப் பார்த்துக்கொள், பேசாமல் இரு என்று நீங்கள் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆயுசுக்கும் தப்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது வியாழன் கடந்திருக்கும். நான் பேசியிருந்தால் பசவராஜ் அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருப்பார். அப்படியானால் மனம் ஆறும்வரை என்னைத் திட்டிவிட்டு இதைக் கிழித்துப் போடுங்கள். எந்தச் செய்தியும் வரவில்லை என்றால் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அர்த்தம். அப்போது தயவுசெய்து கிழிக்காதீர்கள். யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவர்களிடம் கொடுங்கள். நானே பின்னால் போன் செய்து அழுதாலும், மனிஷாவின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினாலும் கேட்காதீர்கள். இன்றைக்கு நான் யோக்கியனாக இருக்கிறேன். வியாழக்கிழமையைப் பற்றி என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

ஸாத்விக்குக்கு என் ஆசிகள். அவன் யாருக்கும் பயப்படாமல் வளரட்டும். வழக்கமாக 'உங்கள் ரத்தினம்' என்று முடிப்பேன். இந்த முறை, அதிகாரிகள் படித்தால் ஆள் யாரென்று சந்தேகம் வரக்கூடாது.

மா. ரத்தினசாமி,
ஆப்பரேட்டர், கழிவுநீர்ப் பிரிவு,
சனிக்கிழமை மதிய ஷிப்டு.